பூட்டி வைக்காத பட்டறை

மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் மூன்று தடவை ஹாஸ்டல் அறைக்கே வந்துவிட்டார். வாழ்க்கை வரலாறு எழுது, ஆனால் எடிசன் வேண்டாம், ஜேம்ஸ் வாட்டும் வேண்டாம், அவர்களைப் பற்றி எழுதி எழுதி மலரே தேய்ந்து போச்சு என்று நிபந்தனை வேறு. சரி என்று ஒப்புக்கொண்டேன். எனக்கும் ஒருவரைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அவர் பெயர் ஹென்றி மாட்ஸ்லே. மெஷின் டூல்ஸ் புத்தகங்களில் லேத் அதிகாரத்தின் ஆரம்பத்தில் ஒரு வரியில் வந்து போவார். பரீட்சைக்கு அந்த வரி வராது என்பதால் நாமும் தாண்டிப் போய்விடுவோம். இங்கிலாந்தில் மெஷின் டூல் தொழிலுக்கே தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்த லேத்தைவிட, அவர் பட்டறையை நடத்திய விதம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனேன். எந்த ஊர், எந்தப் பட்டறை என்பதெல்லாம் வேண்டாம். பதினைந்து நாள். முதல் வாரம் முழுக்கச் சீவல் கூட்டினேன். அங்கே மரை வெட்டுவதில் கெட்டிக்காரரான ஒரு டர்னர் அண்ணன் இருந்தார். சேஞ்ச் கியர் மாட்டும் நேரம் வந்தால் போதும், என்னை டீ வாங்கி வர அனுப்பிவிடுவார். நான் திரும்பி வரும்போது கியர் மாட்டி, மூடி போட்டு, மரை பாதி ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பிட்ச்சுக்கு எத்தனை பல் கியர் என்று எழுதிய சின்ன நோட்டு அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. கடைசி நாள் தைரியமாகக் கேட்டேவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. இதைக் கத்துக்க எட்டு வருஷம் ஆச்சு, பாதி நாள் அடி வாங்கியிருக்கேன், பதினஞ்சு நாள்ல உனக்குக் கொடுத்துட்டா நாளைக்கு முதலாளி என்னை எதுக்கு வச்சிக்கணும் என்கிற மாதிரி சொன்னார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதலாண்டில் பிட்டிங் செக்ஷனில் எல்லாரும் அரம் பிடித்து அராவிக்கொண்டிருந்த காலம். என் தாய்மாமா ஐ.டி.ஐ. படித்த பிட்டர். அரத்தின் பல்லுக்குள் தூள் அடைத்துக்கொண்டு ஜாப்பில் கீறல் விழும், அதனால் அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் சாக்பீஸைப் பாக்கெட்டில் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காதபோது தேய்த்துக்கொண்டேன். என் ஜாப் கண்ணாடி மாதிரி வந்தது. பக்கத்து வைஸில் நின்ற நண்பனுக்குக் கீறல் கீறலாக வந்து, பினிஷிங் மார்க் போச்சு. அவன் என்னிடம் கேட்டபோது, எல்லாம் கை வாகுடா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆக, அந்த டர்னர் அண்ணனும் நானும் ஒரே ரகம்தான். அவருக்காவது எட்டு வருஷம், பிழைப்பு என்று காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

இந்த உறுத்தலோடு இருந்தபோதுதான் மாட்ஸ்லேயைப் படித்தேன்.

அவர் 1771 ஆகஸ்டு 22 அன்று, தேம்ஸ் நதிக்கரையில் வுல்விச் என்ற ஊரில் பிறந்தார். அங்கே அரசாங்கத்தின் பெரிய ஆயுதத் தொழிற்சாலை உண்டு. அப்பா ராணுவத்தில் வண்டிச் சக்கரம் செய்கிற தச்சராக இருந்து, காயம்பட்டு, பிறகு அந்த ஆயுதச் சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1780-ல் அப்பா காலமானார். பையன் 12 வயதில் அதே இடத்தில் தோட்டாவுக்கு வெடிமருந்து அடைக்கும் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்துத் தச்சுக்கூடம். 15 வயதில் கொல்லுப்பட்டறை. அங்கே இரும்பைப் பிடித்தவன் பிறகு விடவே இல்லை. நம்மைப் போல ஆறு செமஸ்டர் கிடையாது, பிராக்டிகல் மட்டும்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தொழில் கற்பது எப்படி என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1563-ல் போட்ட சட்டப்படி, ஏழு வருஷம் ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பயிற்சி எடுத்தவன்தான் தொழிலாளி. அந்த ஒப்பந்தத்தில், முதலாளியின் தொழில் ரகசியங்களைக் காப்பேன் என்று ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். தொழில் தெரிந்தவன் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்று 1824 வரை சட்டமே இருந்தது. பட்டறைக்குள் ரகசியம், நாட்டுக்குள் ரகசியம், எங்கு திரும்பினாலும் ரகசியம். நம்ம டர்னர் அண்ணனின் சட்டைப்பை நோட்டுக்கு எவ்வளவு பழைய பரம்பரை பாருங்கள்!

1789-ல் மாட்ஸ்லேக்கு 18 வயது. லண்டனில் ஜோசப் பிராமா என்று ஒரு பெரிய பூட்டுக்காரர், மகா கெட்டிக்காரர். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு 1795-ல் பேட்டண்ட் எடுத்தவரும் இவரே. யாராலும் கள்ளச்சாவி போட முடியாத ஒரு பூட்டுக்கு 1784-ல் பேட்டண்ட் வாங்கியிருந்தார். ஆனால் அந்தப் பூட்டின் உள்பாகங்கள் மிகச் சிறியவை, மயிரிழை பிசகினாலும் பூட்டு வேலை செய்யாது. கையால் அராவி அராவிச் செய்தால் விலை கட்டுப்படியாகவில்லை. வுல்விச்சில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு வரவழைத்தார். வந்தவனைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது. வயசு பதினெட்டு, ஏழு வருஷப் பயிற்சிப் பத்திரமும் இல்லை. இவனைச் சேர்த்தால் மற்றத் தொழிலாளர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கினாராம். பையன் அங்கே கிடந்த ஒரு தேய்ந்துபோன வைஸைக் காட்டி, இதன் தாடைக்குப் புதிதாக எஃகு வைத்து, வெட்டி, பதம் போட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குள் தந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டானாம். ஆறு மணிக்கு முன்னாலேயே வைஸ் தயார். வேலை கிடைத்தது. இந்தக் கதையை அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், ஆனால் பிட்டிங் செக்ஷனில் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வேலையின் கஷ்டம் தெரியும்.

பிராமாவின் பட்டறையில் எட்டு வருஷம். பூட்டின் பாகங்களை ஒரே அளவில் செய்து தள்ளும் சிறு சிறு மெஷின்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். பிராமா தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அந்தப் பூட்டை 1851 வரை ஒருவராலும் திறக்க முடியவில்லை. அந்த வருஷம் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டித் திறந்தார்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் ஒரு சிக்கல் இருந்தது. ராமைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. இறுக்கி அடைத்தால் ராம் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டது. வளைந்த உதடு மாதிரி ஒரு தோல் வளையம் போட்டதில் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீரின் அழுத்தமே உதட்டை விரித்து ராமோடு ஒட்ட வைக்கும், அழுத்தம் போனதும் தானாகத் தளர்ந்துவிடும். ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் யு-கப் சீல் என்று படம் வரைகிறோமே, அதன் பாட்டன்தான் இது. இந்த யோசனை மாட்ஸ்லேயுடையது என்று அவரிடம் பின்னால் வேலை பார்த்த நாஸ்மித் எழுதியிருக்கிறார். பெயர் என்னவோ பிராமா பிரஸ்தான்.

மாட்ஸ்லே அந்தப் பட்டறையின் தலைமை போர்மேன் ஆகிவிட்டார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். கல்யாணமாகிக் குழந்தைகளும் வந்துவிட்டதால் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். பிராமா முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிவிட்டார். 1797 வாக்கில் மாட்ஸ்லே வெளியேறினார். பிராமா கெட்டவர் இல்லை. பண்ணைப் பையனாக இருந்து மேலே வந்தவர்தான், அவரும் பாடுபட்டவர்தான். ஆனால் சில ஷில்லிங்கை மிச்சம் பிடிக்கப் போய் எப்பேர்ப்பட்ட ஆளை விட்டார்! இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் யாராவது இந்தக் கதையைப் படித்திருப்பார்களா என்று ஒரு யோசனை.

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவை ஒட்டி ஒரு சின்ன இடம் பிடித்தார். முதல் ஆர்டர், ஓவியர் ஒருவருக்குப் படம் மாட்டி வரையும் பெரிய சட்டத்துக்கு இரும்பு வேலை. அந்தக் காலகட்டத்தில்தான் லேத்தும் உருவெடுத்தது. அதற்கு முன்னால் லேத்தில் உளியைக் கையால் பிடித்து, தோளில் முட்டுக் கொடுத்துக் கடைய வேண்டும். கை நடுங்கினால் ஜாப்பும் நடுங்கும். உளியைக் கையிலிருந்து வாங்கி ஒரு நகரும் தாங்கியில் இறுக்கிப் பூட்டினார் மாட்ஸ்லே. அதுதான் நம் ஸ்லைடு ரெஸ்ட். முதலில் அதைப் பார்த்த பழைய டர்னர்கள் நடைவண்டி என்று கேலி பேசினார்களாம். குழந்தைக்குத்தானே நடைவண்டி, கை பழகிய ஆளுக்கு எதற்கு என்று நக்கல். பிறகு லீட் ஸ்க்ரூ, சேஞ்ச் கியர் எல்லாவற்றையும் அந்தத் தாங்கியோடு சேர்த்து, வேண்டிய பிட்ச்சில் மரை வெட்டும் லேத்தை 1800-க்குள் செய்து முடித்தார். இவர்தான் முதல் ஆள் என்று சொல்லிவிட முடியாது. பிரான்சில் செனோ என்பவர் 1795-லேயே ஒன்று செய்திருக்கிறார், இங்கிலாந்தில் ராம்ஸ்டனும் செய்திருக்கிறார். ஆனால் முழுக்க இரும்பில், அசையாமல், தினசரிப் பட்டறை வேலைக்கு லாயக்காகச் செய்து பரப்பியவர் மாட்ஸ்லே.

அதனால் என்ன மாறியது? அதுவரை ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதன் சொந்த நட் மட்டும்தான் சேரும். இரண்டிலும் ஒரே அடையாளம் குத்தி வைக்க வேண்டும். ஒரு மெஷினைப் பிரித்தால் நட் போல்ட்டுகள் கலந்துவிடாமல் காப்பதே பெரிய பாடு. மாட்ஸ்லே தன் பட்டறைக்குள் இந்த அளவு போல்ட்டுக்கு இத்தனை மரை என்று ஒழுங்கு கொண்டுவந்தார். லண்டனில் மற்ற இடங்களில் பழைய குழப்பம்தான்.

தான் வெட்டிய மரைகளைக் கடை ஜன்னலில் எல்லாரும் பார்க்க வைத்திருந்தார். அதை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்துத் தன் நண்பர் மார்க் புருனலிடம் சொன்னார். புருனல் ஒவ்வொரு படமாகக் கொண்டுவந்து, எதற்கு என்று சொல்லாமல் செய்யச் சொன்னாராம். இரண்டு மூன்று படம் பார்த்ததும் மாட்ஸ்லே, கப்பலின் பாய்க்கயிறு ஓடும் கப்பி செய்யத்தானே என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்துக்கு 40-க்கு மேற்பட்ட மெஷின்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 1808 வாக்கில் அங்கே வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் செய்தார்கள். முன்பு 110 கைத்தேர்ந்த தொழிலாளர்கள் செய்ததைப் பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். இந்தக் கணக்கைப் புத்தகங்கள் பெருமையாகப் போடுகின்றன. மீதி நூறு பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. டர்னர் அண்ணனின் பயம் அந்த நூறு பேரின் பயம்தான். அதை அலட்சியமாக ஒதுக்கிவிட்டு மாட்ஸ்லேயைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1810-ல் பட்டறை தேம்ஸுக்குத் தெற்கே லாம்பெத் பகுதிக்குப் பெரிய இடத்துக்கு மாறியது. பிற்பாடு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்த இடம். நீராவிக் கப்பலுக்கு எஞ்சின் செய்வதில் பேர் வாங்கியது. தேம்ஸுக்கு அடியில் புருனல் சுரங்கம் தோண்டியபோது, அதற்கான இரும்புக் கவசத்தை 1825-ல் செய்ததும் இங்கேதான். ஆனால் நான் சொல்ல வந்தது எஞ்சினைப் பற்றி இல்லை. அங்கே பெஞ்ச் மேல் என்ன இருந்தது என்பதைப் பற்றி.

முதலாவது, சமதளத் தட்டு. நம் மெட்ராலஜி லேபில் சர்பேஸ் பிளேட் என்று இருக்கிறதே அது. ஒரு தட்டு சமமா என்று எதை வைத்துச் சோதிப்பது? இன்னொரு தட்டை வைத்துத்தான். ஆனால் ஒன்று லேசாகக் குழிந்து, மற்றது லேசாகப் புடைத்திருந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிடும். நாமும் ஏமாந்துவிடுவோம். மூன்று தட்டு எடுத்துக்கொண்டு, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றிச் சாயம் தடவித் தேய்த்து, ஒட்டுகிற மேட்டை மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தால், மூன்றும் எல்லா ஜோடியிலும் பொருந்த ஒரே ஒரு வழிதான் உண்டு. மூன்றுமே சமமாக இருக்க வேண்டும். இதைப் படித்த அன்றைக்கு மெஸ்ஸில் மூன்று தட்டை வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு விளக்கி, சாம்பார் மாஸ்டரிடம் திட்டு வாங்கினேன். சுரண்டிச் சமமாக்கும் முறையின் பெருமை மாட்ஸ்லேக்கா, அவரிடம் வேலை பார்த்த விட்வொர்த்துக்கா என்று பிறகு வழக்கு உண்டு. அது கிடக்கட்டும். மாட்ஸ்லே அந்தத் தட்டுகளைத் தன் அறையில் பூட்டி வைக்காமல், தொழிலாளர்களின் பெஞ்சுகளில் அவர்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் தன் ஜாப்பைக் கொண்டுபோய் வைத்துத் தானே சோதித்துக்கொள்ளலாம். தப்பு எங்கே என்று போர்மேன் வந்து சொல்ல வேண்டியதில்லை, சாயம் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஒரு பெஞ்ச் மைக்ரோமீட்டர். 1805 வாக்கில் தானே செய்தது. ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். நாம் சுற்றுகிற சாதாரண மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ. இருநூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கருவி அதில் கால் பங்கு அளவை அளந்தது. அதற்கு லார்டு சான்சலர் என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் உயர்ந்த நீதிபதி ஒருவருடைய பதவிப் பெயராக இருந்தது அது. பட்டறையில் யாருடைய அளவு சரி என்று தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு அதனுடையது, முதலாளியின் வாய்ச்சொல் இல்லை. லண்டன் சயின்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பட்டறை ஆள் இல்லாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில், மாட்ஸ்லே ஒவ்வொரு பெஞ்சாகச் சுற்றி வருவார். கையில் ஒரு சாக்பீஸ். மூலைமட்டம் சரியில்லையா, அராவிய தளம் சமமாக இல்லையா, பெஞ்சைக் கூட்டாமல் கருவிகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறானா, அந்த பெஞ்ச் மேலேயே அழகான கையெழுத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். வேலை நன்றாக இருந்தால் பாராட்டும் உண்டு. சில சமயம் வார்த்தை சுருக்கென்று தைக்கும். திங்கட்கிழமை வந்ததும் யார் பெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பட்டறை முழுக்கப் பரவிவிடும். திட்டாக இருந்தாலும் அதற்குத் தகுதியாகத்தான் இருக்கும் என்பதால் தொழிலாளர்கள் அதை மதித்தார்கள் என்று நாஸ்மித் எழுதி வைத்திருக்கிறார். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுவது சரிதானா, கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று என் ரூம்மேட் கேட்டான். இருக்கலாம். ஆனால் ஒருவன் பெஞ்சில் எழுதியதைப் பத்துப் பேர் படித்தால் பத்துப் பேருக்கும் பாடம்தானே. அவர் கையில் இருந்ததும் சாக்பீஸ், என் பாக்கெட்டில் ஒளிந்திருந்ததும் சாக்பீஸ். அந்தப் பக்கத்தை நான் சட்டென்று புரட்ட முடியவில்லை.

இந்த ஜேம்ஸ் நாஸ்மித் எப்படி அங்கே வந்தார் என்பது நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. எடின்பரோ ஊரில் ஓர் ஓவியரின் பிள்ளை. தானே நீராவி எஞ்சின் மாடல்கள் செய்து பழகியவர். 1829-ல், 20 வயதில், அப்பாவைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தார். மாட்ஸ்லே அன்பாகப் பேசினாலும் பயிற்சிக்கு ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். முன்பணம் கட்டிச் சேர்ந்த வசதியான வீட்டுப் பையன்கள் ஒழுங்காக வராமல் ஏற்கெனவே நொந்து போயிருந்தார். இருந்தாலும் வந்தவர்களுக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். கொதிகலன் அடுப்பிலிருந்து ஒரு தொழிலாளி சாம்பல் வாரிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த நாஸ்மித், இந்தச் சாம்பல் வாரும் வேலை கிடைத்தாலும் போதும் என்று ஏக்கத்தோடு சொன்னார். மாட்ஸ்லே சட்டென்று நின்று அவரைப் பார்த்தார். நீ செய்த மாடல்களைக் கொண்டுவா என்றார். மறுபடி வந்தபோது மாடல்களையும் டிராயிங்குகளையும் தனியாக உட்கார்ந்து கவனித்துவிட்டு, உனக்கு அப்ரெண்டிஸ் எல்லாம் தேவையில்லை, என் சொந்தப் பட்டறையில் எனக்கு உதவியாளாக இரு என்று அழைத்துக்கொண்டு போனார். மார்க் ஷீட் கேட்கவில்லை. செய்த பொருளைக் கேட்டார்.

சம்பளம் வாரம் 10 ஷில்லிங்தான். நாஸ்மித்தே அவ்வளவு போதும் என்று கேட்டு வாங்கியது. அதற்குள் காலம் தள்ள, விளக்குச் சூட்டிலேயே வேகும் ஒரு சமையல் பாத்திரத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டார். ஹாஸ்டலில் ஹீட்டர் கம்பியில் முட்டை வேக வைக்கிற நம் கூட்டம் அவரை நிச்சயம் வணங்க வேண்டும். ஒரு கப்பல் எஞ்சினின் மாடலுக்காகச் சின்னச் சின்ன அறுகோண நட்டுகள் நிறைய செய்ய வேண்டியிருந்தது. ஆறு பக்கத்தையும் கையால் அராவிச் சலித்த நாஸ்மித், ஒரு சிறிய லேத்தில் பிரிப்புத் தட்டு ஒன்றை மாட்டி, சுழலும் வெட்டுச் சக்கரத்தால் ஆறு பக்கமும் ஒரே மாதிரி வெட்டும்படி செய்துவிட்டார். புதிதாக வந்த பையன் வேலையை விட்டுவிட்டு விளையாடுகிறான் என்று மாட்ஸ்லே கோபித்துக்கொள்ளவில்லை. பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

அந்தப் பட்டறையில் பழகியவர்களின் பட்டியலைப் பாருங்கள். செருப்புத் தைப்பவரின் மகன் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், மான்செஸ்டருக்குப் போய் 1817-ல் பிளேனிங் மெஷின் செய்தார், நூல் நூற்கும் தானியங்கி மெஷினையும் செய்தார். கைத்தறி நெசவாளியின் மகன் ஜோசப் கிளமெண்ட், பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்குப் பாகங்கள் செய்தார். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நாஸ்மித் நீராவிச் சம்மட்டி செய்தார். ஜோஷுவா பீல்டு, டிராயிங் ஆபீசில் தொடங்கி மாட்ஸ்லேயின் பங்குதாரரே ஆனார். 1818-ல் லண்டனில் சிவில் இன்ஜினியர் கழகத்தைத் தொடங்கிய இளைஞர்களில் அவரும் ஒருவர். ஜோசப் விட்வொர்த், மாட்ஸ்லேயின் பட்டறை ஒழுங்கைத் தேசத்துக்கே விரித்தார். பல பட்டறைகளின் மரைகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 55 டிகிரி கோணத்தில் நாடு முழுவதற்கும் ஒரே மரை என்ற திட்டத்தை 1841-ல் வைத்தார். பழைய மெஷின்களைக் கழற்றும்போது விட்வொர்த் ஸ்பேனர் தேடி அலைகிறோமே, அந்த விட்வொர்த்.

இவர்கள் எல்லாரும் மாட்ஸ்லேயிடம் கற்றதை எடுத்துக்கொண்டுபோய்ச் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். அதனால் மாட்ஸ்லே கெட்டுப்போனாரா? இல்லை. அவர் பட்டறை இன்னும் பெரிதாகத்தான் ஆனது. அவரிடம் இருந்த விஷயம் ஒரு நோட்டில் அடங்குவதாக இருந்திருந்தால், முதல் ஆள் வெளியே போனபோதே தீர்ந்து போயிருக்கும். போன வருஷம் தெரிந்தது இந்த வருஷம் பழசு என்று அவரே ஓடிக்கொண்டிருந்தார். அதற்குப் புதிய கண்களும் கைகளும் வந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. டர்னர் அண்ணனின் இடத்தில் மாட்ஸ்லே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்பது நியாயமில்லை. மாட்ஸ்லே முதலாளி, அண்ணன் கூலிக்காரர். தட்டைப் பெஞ்ச் மேல் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் வைக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஆளை வைத்துக்கொண்டு, புதுமை செய் என்று சுவரில் போர்டு எழுதி மாட்டி என்ன பிரயோஜனம்?

1831 ஜனவரியில் பிரான்சிலிருந்த ஒரு நண்பரைப் பார்த்துவிட்டுக் கால்வாயைக் கடந்து திரும்பும்போது மாட்ஸ்லேக்குக் குளிர் தாக்கியது. பிப்ரவரி 14 அன்று இறந்தார். வயது 59. பிறந்த ஊரான வுல்விச்சில் புதைத்தார்கள். அங்கே அவர் குடும்பத்துக்கென்று வார்ப்பிரும்பில் ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. அதை வடிவமைத்ததும் அவரேதான். பிள்ளைகளும் பேரன்களும் நடத்திய கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிறபோது நொடித்துப்போய் மூடப்பட்டது.

கடைசியாக ஒரு தகவல். நம் பிட்டிங் செக்ஷனில் சர்பேஸ் பிளேட் இல்லை. லேபில் இருப்பது மர மூடி போட்டு, அலமாரிக்குள், இன்ஸ்பெக்ஷன் வரும்போது மட்டும் வெளியே வரும். முதலாண்டில் என் ஜாப்புக்கு மார்க் இழந்த அந்த நண்பனிடம் சாக்பீஸ் விஷயத்தை மூன்று வருஷம் கழித்துச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு சிரித்தான். அவனும் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, ஒரு பழைய பிளேட்டையாவது பெஞ்சுக்குக் கொடுங்கள் என்று ஒர்க் ஷாப் சூப்பிரண்டெண்டிடம் கடிதம் கொடுத்தோம். உடைத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நாங்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். சார் ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இப்போது அது ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்சில் இருக்கிறது. சாயக் குப்பி பக்கத்து டிராயரில், சாக்பீஸ் டப்பாவும் அதிலேயே. ஜூனியர் தம்பிகள் யாரையும் கேட்க வேண்டாம், எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஈரக்கையோடு மட்டும் தொடாதீர்கள், துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய் துடைத்து மூடி போட்டுவிடுங்கள். மூடியில் பூட்டு இல்லை.